நாலாவது ஓட்டு

சிடார் ஃபோர்க்கில் இன்றைக்கு முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லாரையும் ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனவள் ஆர்டெலியா மேஸ். மஞ்சள் பஸ்ஸின் கண்ணாடியில் பின்னால் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே, "கையை உள்ள இழுடா, உங்க அம்மாவும் இப்படித்தான் நீட்டுவா" என்று அதட்டுவாள். அதனால் மீசை முளைத்துக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள்கூட அவளைக் கண்டால் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். புருஷன் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் பர்மிங்ஹாமில். ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு வீடு, பஸ், சபை மூன்றும்தான் உலகம்.

ஊர் அலபாமாவின் கரிசல் பூமியில் இருக்கிறது. முன்பு எங்கு பார்த்தாலும் பருத்தி. இப்போது பாதிக்குப் பைன் மரம், மீதிக்கு மாடு. ஓட்டுப் பட்டியலில் இருநூற்றுப் பத்துப் பேர். அதில் வெள்ளைக்காரர்கள் மூன்றே பேர்: மாட்டுப் பண்ணைக்கார ஹாலிஸ் ஸ்ட்ராதர், அவர் மனைவி, கல்யாணம் ஆகாத அவர்கள் மகன். மற்றவர்கள் எல்லாரும் கறுப்பர்கள். அநேகமாக அத்தனை பேரும் மவுண்ட் நீபோ பாப்டிஸ்ட் சபைக்காரர்கள். ஸ்ட்ராதர் குடும்பமும் பாப்டிஸ்ட்தான். ஆனால் ஞாயிறு காலையில் மவுண்ட் நீபோ வாசலைக் கடந்து பன்னிரண்டு மைல் காரில் போய் டவுனில் இருக்கிற வெள்ளைக்காரர் சபையில்தான் உட்காருவார்கள். இரண்டு சபையிலும் ஒரே வேதாகமம், ஒரே பாட்டுகள், ஒரே முழுக்கு ஞானஸ்நானம். ஜனாதிபதித் தேர்தல் வந்தால் மட்டும் இவர்கள் கிழக்கே போனால் அவர்கள் மேற்கே போவார்கள்.

ஓட்டுச்சாவடி தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையில். எண்ணி முடித்ததும் இயந்திரம் துப்புகிற நீளச் சீட்டைக் கதவிலே ஒட்டிவிடுவார்கள். ஜனநாயகக் கட்சிக்கு நூற்று எழுபது, நூற்று எண்பது என்று ஏறும், இறங்கும். குடியரசுக் கட்சிக்கு எப்போதும் மூன்று. "ஸ்ட்ராதர் வீட்டு மூணும் பத்திரமா இருக்கு" என்று சொல்லி ஊர் சிரிக்கும். தீவனக் கடையில் ஹாலிஸே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஆர்டெலியாவுக்கு ஓட்டு என்றால் விளையாட்டில்லை. அவளுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது அவள் அப்பா ஏமஸும், அவருடைய சிநேகிதர் ரேஃபோர்ட் டேட்டும் ஓட்டுப் பட்டியலில் பெயர் பதிய நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனார்கள். கறுப்பர்களை எப்படியாவது ஓட்டுப் போடவிடாமல் தடுத்த காலம் அது. சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டி, படித்து அர்த்தம் சொல் என்றான் குமாஸ்தா. சொன்னார்கள். தப்பு என்றான். நான்கு தடவை திருப்பி அனுப்பினான். ஐந்தாவது தடவை பெயர் ஏறியது. அந்த வாரமே நிலத்துக்காரன் வந்து ஏமஸைக் குத்தகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னான். தாயும் தகப்பனும் ஐந்து பிள்ளைகளுமாகச் சாமான்களோடு ரோட்டில் நின்றபோது, ரேஃபோர்ட் தன் கோவேறு கழுதை வண்டியைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். அவருக்குச் சொந்தமாக நாற்பது ஏக்கர் இருந்தது. பதினோரு வாரம் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். அவர் மனைவி யூலெட்டா ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் ஒன்பது பேருக்கும் சமைத்துப் போட்டாள்.

அந்த ரேஃபோர்ட் டேட்தான் இப்போது மவுண்ட் நீபோவின் மூத்த டீக்கன், சபைக் காரியங்களை நடத்துகிற பெரியவர். எழுபத்துநாலு வயது. யூலெட்டா போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் கிடையாது. தேர்தல் நாளில் சபை வேனை அவர்தான் ஓட்டுவார். நடக்க முடியாதவர்களை வீடு வீடாகப் போய் ஏற்றி வருவார். ஒருதடவை குளிர் என்று சாக்குச் சொன்ன சபைக் கிழவி சிஸ்டர் ஐடெல்லாவைப் போர்த்தியிருந்த கம்பளியோடு தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷத் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு, வடக்கே இருந்து ஒரு கருத்துக்கணிப்புக் கம்பெனி ஆர்டெலியாவைக் கூப்பிட்டது. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருகிறவர்களில் ஒவ்வொரு மூன்றாவது ஆளையும் நிறுத்தி ஒரு தாள் கொடுக்க வேண்டும். யாருக்குப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள், ஆணா பெண்ணா, வயது என்ன, என்ன இனம், என்ன மதம், கோயிலுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை போவீர்கள், இவ்வளவுதான் கேள்வி. பெயர் கிடையாது. அவர்கள் கட்டத்தில் குறியிட்டு, மடித்து, பெட்டியில் போட்டுவிடுவார்கள். அவள் பகலில் மூன்று தடவை பெட்டியைத் திறந்து, தாள்களை ஒவ்வொன்றாக டெலிபோனில் படித்துச் சொல்ல வேண்டும். யார் என்ன எழுதினார்கள் என்று எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அன்று பள்ளிக்கூடம் லீவு. நாமும் ஒரு காரியம் செய்த மாதிரி இருக்குமே என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டாள்.

தேர்தலன்று காலை எட்டரை மணிக்கு டீக்கன் முதல் நடை ஆட்களை இறக்கிவிட்டு, தானும் உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். எண்ணிப் பார்த்தால் அவர்தான் மூன்றாவது ஆள்.

"டீக்கன், நீங்க போங்க. வண்டில ஆளு காத்துக்கிட்டிருக்கு. உங்களை விட்டுட்டு அடுத்த ஆளைப் பிடிச்சுக்கறேன்" என்றாள்.

"மூணாவது நாந்தானே?"

"ஆமா."

"அப்ப குடு. சட்டத்தைப் படிச்சு அர்த்தமே சொன்னவன் நான். இந்தத் தாளுக்கா பயப்படப்போறேன்?"

வேன் படியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் எழுதினார். நான்காக மடித்துப் பெட்டியில் போட்டார். வழக்கமாக ஏதாவது கிண்டல் பண்ணிவிட்டுப் போகிறவர், அன்று அவளைப் பார்க்காமலே வண்டியை எடுத்தார்.

பத்தரை மணிக்கு ஆர்டெலியா தன் காருக்குள் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். பதிமூன்று தாள். டெலிபோனின் அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண், வேகவேகமான வடக்கத்திப் பேச்சு. ஆர்டெலியா படித்துக்கொண்டே போனாள். கறுப்பர், புராட்டஸ்டண்ட், வாரம் ஒருமுறை, ஜனநாயகக் கட்சி. கறுப்பர், புராட்டஸ்டண்ட், வாரம் இருமுறை, ஜனநாயகக் கட்சி. வெள்ளைக்காரர், புராட்டஸ்டண்ட், வாரம் ஒருமுறை, குடியரசுக் கட்சி. இது ஸ்ட்ராதர் மகன். இனத்தையும் மதத்தையும் படித்தவுடனேயே அடுத்து வரப்போகிற குறி எதுவென்று வாய் தானாகச் சொல்ல வந்தது.

எட்டாவது தாளில் ஆண், அறுபது வயதுக்கு மேல், கறுப்பர், புராட்டஸ்டண்ட், வாரம் ஒருமுறைக்கு மேல் என்று படித்தாள். ஓட்டு எங்கே விழுந்தது என்று பார்த்தவள் நிறுத்திவிட்டாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். இது... இவரு கட்டம் மாத்திக் குறிச்சிருப்பாரு. வயசானவரு."

"குறிச்சது எதுவோ அதை மட்டும் படிங்க மேடம். மாத்தக்கூடாது."

படித்தாள். குடியரசுக் கட்சி. எது முக்கியம் என்று நினைத்து ஓட்டுப் போட்டீர்கள் என்ற கேள்வியில் வேலை, யுத்தம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'ஒழுக்க நெறி' என்ற கட்டத்தில் குறி இருந்தது. ஒவ்வொரு குறியும் கட்டத்துக்கு நட்டநடுவில், அழுத்தமாக இருந்தது. கை நடுங்கின அடையாளமே இல்லை. அதுவரை அவள் தாள் கொடுத்ததில் அறுபது தாண்டிய ஆண் ஒருவர்தான்.

மீதி ஐந்து தாளையும் படித்துவிட்டு அவள் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பாவோடு அந்த நீதிமன்றப் படியில் நின்ற மனுஷன். இன்றைக்கு ஊர்க் கிழவிகளையெல்லாம் ஏற்றி இறக்கி ஓட்டுப் போட வைக்கிறவர். வெளியே வேன் திரும்ப வந்து நின்றது. சிஸ்டர் ஐடெல்லாவுக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் புண். டீக்கன் குனிந்து அந்தக் காலைப் பூப்போலத் தூக்கிக் கீழே வைத்து இறக்கினார். ஆர்டெலியாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை கொட்டகைக் கதவில் சீட்டைப் பார்க்கப் போனவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்கள். நூற்று எழுபத்தெட்டு. பக்கத்திலே நாலு.

"மூணுதானே வரணும்?" என்றார் ஒருவர்.

"மெஷின் தப்பா எண்ணிருக்கும்."

"மெஷினுக்கு எங்கய்யா தப்பா எண்ணத் தெரியும்? மனுஷன்தான் தப்பா போடுவான்" என்றாள் ஐடெல்லா, தன் கைத்தடியால் அந்த நாலைத் தட்டிக்காட்டி.

தீவனக் கடையில் ஹாலிஸ் ஸ்ட்ராதரை மடக்கினார்கள். வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்து ஓட்டுப் போட்டார்களா என்று கேட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். "எங்க வீட்டுல மூணே மூணுதான், சத்தியமா. அந்த நாலாவது ஆளு உங்க ஆளு. யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்கப்பா, ஒருநாள் சாப்பிடக் கூப்பிடணும். இத்தனை வருஷமா நாங்க மூணு பேரும் தனியாவே கிடக்கோம்" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. ஆனால் சிரித்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் போனார்கள்.

இரண்டு நாளில் ஆள் கிடைத்துவிட்டது. க்ளோதில்ட் ஷஸ்டாங் என்ற நர்ஸ். அலபாமாவின் தெற்கே கடலோரத்தில் இருக்கும் மொபைல் பட்டணத்துக்காரி. மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்ப்பாள், சர்க்கரை பார்ப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள். இந்த ஊரில் வீடு எடுத்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. கறுப்பினம்தான், ஆனால் வெளுத்த நிறம். அதைவிட, கத்தோலிக்கப் பெண். காரில் ஜெபமாலை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை முப்பது மைல் போய்ப் பூசை கண்டுவிட்டு வருவாள். தேர்தலன்று சபை வேனில் ஏறவில்லை. தன் காரில் தனியாக வந்து போட்டுவிட்டுப் போனாள்.

"நான் அன்னிக்கே நெனச்சேன்" என்றாள் ஐடெல்லா, ஆராதனை முடிந்து கோழிக்கறிச் சாப்பாடு நடக்கும்போது. "அவங்க சாமியாரு பிரசங்கத்துல யாருக்குப் போடணும்னு சொல்லியிருப்பாரு. இவ போய்க் குத்திட்டு வந்துட்டா. கலரைப் பாரு, பாதி அந்தப் பக்கம்தானே."

"உனக்கு யாரு சொன்னா?" என்றாள் ஆர்டெலியா.

"யாரு சொல்லணும்? நம்மாளுங்க யாராவது போடுவாங்களா? நீயா? நானா? டீக்கனா?"

டீக்கன் என்றதும் மேஜையைச் சுற்றி எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீக்கன் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து கீரையைக் கிளறிக்கொண்டிருந்தார். ஆர்டெலியா பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

அடுத்த வாரம் பஸ் ஓட்டிக்கொண்டு போகும்போது ஆர்டெலியா கண்ணால் கண்டாள். நர்ஸின் கார் ஒரு வீட்டு வாசலில் நின்றது. க்ளோதில்ட் கதவைத் தட்டினாள். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. அடுத்த வீட்டிலும் அதே கதை. மாலையில் பஸ்ஸோடு திரும்பும்போது க்ளோதில்ட் ஐடெல்லா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஆர்டெலியா காலி பஸ்ஸை ஓரமாக நிறுத்தி இறங்கினாள்.

"உள்ளதான் இருக்காங்க" என்றாள் க்ளோதில்ட். "டிவி சத்தம் கேக்குது. ஒன்பது நாளா கட்டு மாத்தலை சிஸ்டர். அந்தக் கால் என்ன கதியில இருக்கோ."

"ஊருல பேசிக்கறது உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன? பெட்ரோல் பங்க்ல ஒரு பொண்ணு என் காதுபடவே சொன்னா." அவள் மருந்துப் பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "இத்தனை பேரு பேசறாங்களே, ஒருத்தராவது நேர்ல வந்து, யாருக்கும்மா போட்டன்னு கேட்டாங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஓட்டுக்குப் பேரு பதியப் போன எங்க அப்பாவையும் மொபைல் பட்டணத்துல இங்க மாதிரியேதான் சட்டத்தைப் படிச்சுக் காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பினாங்க. கத்தோலிக்கன்னு சொல்லி அவருக்கு என்ன நாற்காலியா போட்டாங்க?"

ஆர்டெலியாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. "நீ இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

"எப்படித் தெரியும்?"

"தெரியும், விடு."

பஸ்ஸை நேராக டீக்கன் வீட்டுக்கு விட்டாள். அவர் பின்பக்கத்துப் பிக்கான் மரத்தடியில் முழங்கால் போட்டுக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "வா ஆர்டி. உக்காரு. நீ வருவன்னு தெரியும். இத்தனை நாள் ஏன் ஆச்சுன்னுதான் யோசிச்சேன்" என்றார்.

"என்ன கேக்க வந்திருக்கேன்னு தெரியுமா?"

"நீதானே பெட்டியைத் திறந்த? நாந்தானே உள்ள போட்டேன்?"

கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. "வேண்டாம்னு சொன்னேனே, போங்கன்னு சொன்னேனே. ஏன் எழுதிப் போட்டீங்க?" என்றாள்.

"யாராவது ஒருத்தருக்குத் தெரியணும்னு இருந்துச்சு" என்றார் அவர். "சபையில சொல்லத் துணிச்சல் வரலை. உனக்குத் தெரிஞ்சா போதும்னு தோணிச்சு."

"ஏன் போட்டீங்க?"

அவர் கூடையைத் தள்ளி வைத்தார். "யூலெட்டாவுக்கு அஞ்சு தடவை கரு தங்கி, அஞ்சும் பொறக்கறதுக்கு முன்னாடியே போச்சு. உனக்குத் தெரியாது. நீங்க எங்க வீட்டுல இருந்தீங்களே, அந்தப் பதினோரு வாரத்துலதான் நாலாவது போச்சு. அவ உங்களுக்கெல்லாம் சோறு வடிச்சுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டா. அஞ்சு பேருக்கும் நான் பேரு வெச்சேன். யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைங்களை உசுருன்னு ஒத்துக்கற, கருவைக் கலைக்கக்கூடாதுன்னு சொல்ற ஒரு ஆளுக்கு, சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை என் ஓட்டைப் போடணும்னு இருந்துச்சு."

ஆர்டெலியா கீழே கிடந்த ஒரு கொட்டையை எடுத்துக் கூடையில் போட்டாள். "பொறக்காததுக்குப் போட்டீங்க, சரி. பொறந்தது? அதுங்களை நான் தினம் பஸ்ல ஏத்திக்கிட்டுப் போறேன். காலையில ஒண்ணும் சாப்பிடாம ஏறுதுங்க. நம்ம பக்கத்து ஆஸ்பத்திரில பிரசவ வார்டை மூடி ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கெல்லாம் அந்தக் கட்சி என்ன பண்ணும்? எங்க அப்பா ரோட்டுல நின்னாரே, அது எதுக்கு?"

"உங்க அப்பா இருந்திருந்தா என்னை அடிச்சிருப்பான்" என்றார் டீக்கன். "நீ சொல்றது ஒண்ணும் தப்பில்லை. நாப்பது வருஷம் அப்படித்தான் போட்டேன், அடுத்த தடவையும் அப்படித்தான் போடுவேனோ என்னவோ. இந்தத் தடவை கை அங்க போச்சு. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை."

"உங்க ஓட்டு, உங்க இஷ்டம். நான் அதைக் கேக்க வரலை. அந்த நர்ஸுப் பொண்ணு மேல ஊரே பழி போடுது. ஐடெல்லா கதவைத் திறக்கமாட்டேங்கறா. ஒன்பது நாளா கட்டு மாத்தலை. அந்தக் கால் போயிடும் டீக்கன்."

அவர் முகம் மாறியது. ஊரில் பேசுவது அவருக்குத் தெரியும்; கதவு சாத்துகிற அளவுக்குப் போனது தெரியாது. மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "புதன்கிழமை ஜெபக்கூட்டம் இருக்கில்ல?" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் நாற்பது பேர் வந்திருந்தார்கள். சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஒருத்தி மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாள். ஒருவர் முதுகுவலி போனதைச் சொன்னார். பிறகு டீக்கன் டேட் எழுந்து, முன் பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாலாவது ஓட்டு யாருதுன்னு ரெண்டு வாரமா தேடறீங்க" என்றார். "அது என்னோடது. நான்தான் போட்டேன். அந்த நர்ஸம்மா மேல ஒரு தப்பும் இல்லை."

ஆர்டெலியா மடியில் கையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது பின்னாலிருந்து ஒரு கிழவர், "ஆமென்!" என்றார். இன்னொருத்தர் கை தட்டினார். பாஸ்டர் பியூரிஃபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி வந்து டீக்கனைக் கட்டிக்கொண்டார்.

"பார்த்தீங்களா சபையாரே!" என்றார் பாஸ்டர். "ஒரு அந்நியப் பொண்ணு மேல நாம போட்ட பழியை நம்ம டீக்கன் தன் தலையில ஏத்துக்கறாரு. நம்ம இரட்சகர் என்ன பண்ணினாரு? இதைத்தானே பண்ணினாரு?"

"பாஸ்டர், நான் நிஜமாத்தான் சொல்றேன்" என்றார் டீக்கன்.

"தெரியும் டீக்கன், தெரியும்" என்று பாஸ்டர் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"ஏசுவே, நான் பாவி!" என்று ஐடெல்லா வாய்விட்டு அழுதாள். "என்னாலதானே கர்த்தருடைய வீட்டுல நின்னுக்கிட்டு டீக்கன் பொய் சொல்லும்படி ஆச்சு!"

டீக்கன் மறுபடி வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பது பேரும் எழுந்து நின்று பாட, நடுவில் அவர் ஒரு பக்கமும் நகர முடியாமல், ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொள்வதற்குத் தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் முடிந்ததும் ஆர்டெலியாவை அவரே வேனில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைக் கையால் குத்தினார்.

"எழுபத்துநாலு வருஷத்துல ஒரே ஒரு காரியம் யாரையும் கேக்காம நானா பண்ணினேன் ஆர்டி. அதையும் நம்பமாட்டேங்கறாங்க. வைவாங்க, டீக்கன் வேலையை எடுத்துடுவாங்கன்னு தயாராகிப் போனேன். கட்டிப்பிடிச்சு அனுப்பிட்டாங்க!"

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் முறைத்தார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும், "நான் போய்ச் சொல்லட்டுமா? நான் பார்த்தேன்னு சொன்னா நம்புவாங்க" என்றாள்.

"நீ கையெழுத்துப் போட்டிருக்க. வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "அவங்க நம்பினாலும் அப்புறம் என்னைப் பார்க்கறப்பெல்லாம் அந்தச் சீட்டைத்தான் பார்ப்பாங்க" என்றார்.

மறுநாள் காலையில் ஐடெல்லா தானே டெலிபோன் பண்ணி க்ளோதில்டைக் கூப்பிட்டாள். கட்டைப் பிரித்தபோது புண் ஆழமாகப் போயிருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். இரண்டு விரல் போயிற்று, கால் பிழைத்தது. ஊரில் கதவுகள் திறந்தன. ஒரு வீட்டில் ஆரஞ்சுக் கேக் கொடுத்தார்கள், இன்னொரு வீட்டில் ஊறுகாய். நாலாவது ஓட்டைப் பற்றி யாரும் அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. அவள்தான் போட்டாள், போனால் போகட்டும் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டே அன்பாக இருந்தார்கள். க்ளோதில்டுக்கு அது புரியாமல் இல்லை. "இவங்க என்னை மன்னிச்சுட்டாங்களாம் சிஸ்டர். நான் போடாத ஓட்டுக்கு" என்று ஆர்டெலியாவிடம் ஒருநாள் சொன்னாள். இருந்தாலும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆர்டெலியா அவளை வாரம் ஒருநாள் சாப்பிடக் கூப்பிட ஆரம்பித்தாள். அரசியலைப் பற்றி இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். ஏசுவின் தாயாரைப் பற்றித்தான் சண்டை.

டீக்கனுக்கும் அவளுக்கும் நடுவில் அதன்பிறகு ஒரு புதுச் சுதந்திரம் வந்தது. பிக்கான் மரத்தடியில் உட்கார்ந்து இருவரும் காரசாரமாக வாதாடுவார்கள். அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை. அவரும் பெரிதாக விட்டுக்கொடுத்ததில்லை. ஒருநாள் அந்த ஐந்து பெயர்களையும் அவளிடம் சொன்னார். மூன்றாவதன் பெயர் ஏமஸ். அவள் அப்பா பெயர்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தலைப் பார்க்க அவர் இருக்கவில்லை. மூன்றாம் வருஷம் மார்ச் மாதத்தில், காலை ஆராதனைக்கு உடுத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு நின்றுவிட்டது. மவுண்ட் நீபோவில் அவ்வளவு கூட்டம் அதற்கு முன் கூடியதில்லை. கடைசி பெஞ்சியில் ஸ்ட்ராதர் குடும்பம் மூன்று பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சபையின் வாசற்படியை அவர்கள் மிதித்தது அதுதான் முதல் தடவை. பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே எல்லாப் பாட்டையும் பாடினார்கள். க்ளோதில்ட் அவர்களுக்கு முன் வரிசையில் இருந்தாள்.

சபையின் இரங்கல் தீர்மானத்தைப் படிக்க ஆர்டெலியாவைக் கேட்டிருந்தார்கள். எழுத்து வேலை ஐடெல்லாவின் மருமகளுடையது. ஆர்டெலியா மேடையில் நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற ஓடை, நீதிமன்றத்துக்கு ஐந்து தடவை நடந்தது, ரோட்டில் நின்ற ஒரு குடும்பத்துக்கு வீட்டைத் திறந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். பிறகு இந்த வரி வந்தது: 'தான் செய்யாத தவறைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு ஒரு பெண்ணின் பழியைத் துடைத்தார்.'

அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முன்னால் சவப்பெட்டிக்குள் டீக்கன் நீல நிறக் கோட்டில் படுத்திருந்தார். சபை காத்திருந்தது.

"ஒரு புதன்கிழமை சாயங்காலம், இந்த ஆலயத்தில் எழுந்து நின்று, நம் எல்லாரிடமும் அவர் உண்மையைச் சொன்னார்" என்று படித்தாள்.

"ஆமென்" என்றது சபை. அவள் மீதியைப் படித்து முடித்து இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பக்கத்திலிருந்த ஐடெல்லா மெல்லச் சாய்ந்தாள். "என் மருமக அப்படியா எழுதியிருந்தா?"

"நான் அப்படித்தான் படிச்சேன்" என்றாள் ஆர்டெலியா.

ஐடெல்லா அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். "ஏசுவே" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். அதற்கு மேல் அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி, ஐடெல்லா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது அவள் சுபாவத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று ஊருக்கே தெரியும்.